படுக்கையில் போட்ட மாப்பிள்ளைச் சோறு

எண்பதுகளின் தொடக்கம். எனக்குக் கலியாணம் முடிந்து மூன்று நான்கு மாதம்தான் இருக்கும். மருதமுனையில், கடற்கரைப் பக்கமாகப் போகும் ஒரு ஒழுங்கையில், என் மனைவி வீட்டின் நடு அறையில் ஒரு நாள் விடியும் நேரம் நான் கண் விழித்தேன். பள்ளிவாசலில் சுபஹுத் தொழுகைக்குப் பாங்கு கேட்கிறது. எழும்பப் பார்த்தால் காலும் வரவில்லை, கையும் வரவில்லை. மூக்கின் மேல் ஒரு ஈ வந்து குந்தியிருந்தது. அதை விரட்டக்கூட என்னால் முடியவில்லை.

கதையை இங்கிருந்து தொடங்கினால் விளங்காது. கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

எங்கள் பக்கத்தில் கலியாணம் முடிந்தால் பெண் மாப்பிள்ளை வீட்டுக்குப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிபோவார். வீடும் பெண்ணுக்குக் கொடுத்த வீடுதான். அங்கே புது மாப்பிள்ளைக்கு நடக்கும் சாப்பாட்டுக் கவனிப்பை வெளியூர் ஆட்களிடம் சொன்னால் நம்பமாட்டார்கள். மாப்பிள்ளை சாப்பிட்டு எழும்பும்போது சாப்பாடு பரிமாறும் சஹனில் ஏதாவது மிஞ்சியிருக்க வேண்டும். காலியாக இருந்தால் போட்டது காணவில்லை என்று பொருள். அடுத்த நேரம் அதைவிடக் கூடுதலாக வரும்.

என் மாமிக்கு ஒரே மகள். மகள் சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே மாமா மௌத்தாகி, குடும்பம் மாமி தலையில் விழுந்தது. மாமி கைத்தறியில் இடுப்பில் கட்டும் சாரன் நெய்து, அந்த வருமானத்தில் கல்லுக் கல்லாக வீட்டைக் கட்டி, மகளுக்கு மாப்பிள்ளையாக என்னை எடுத்தவர். அதிகம் கதைக்கமாட்டார். அவருடைய கதை எல்லாம் அகப்பையில்தான் இருந்தது. காலையில் முட்டை அடித்து ஊற்றிய முட்டைக்கோப்பி, அதில் சீனி கரையாமல் அடியில் நிற்கும். பகலில் சோறு, மீன், தேங்காய்ப் பால் விட்ட பாலாணம், கடைசியில் எருமைத் தயிரும் சீனியும் வாழைப்பழமும் போட்டுப் பிசைந்த இன்னொரு சோறு. பின்னேரம் தொதலோ வேறு ஏதாவது இனிப்போ. வெள்ளிக்கிழமை என்றால் நெய்ச்சோறும், முட்டையும் சர்க்கரையும் சேர்த்து அவித்த வட்டிலப்பமும்.

நானும் சும்மா இல்லை. எனக்கு அப்படி ஒரு பசி. சாய்ந்தமருதில் ஒரு அரிசி ஆலையில் இஞ்சின் பார்க்கிற வேலை எனக்கு. ஆள் குறைந்தால் மூட்டையும் தூக்குவேன். பகல் சாப்பிட்டு, பின்னேரம் அசர் பாங்கு சொல்வதற்குள் மறுபடியும் வயிறு கூப்பிடும். ஆனால் வேடிக்கை என்னவென்றால், இவ்வளவும் சாப்பிட்டு நான் மெலிந்துகொண்டே போனேன். கலியாணத்துக்குத் தைத்த சேர்ட் தோளில் தொங்கியது. வியர்வை ஆறாக ஓடும். ஸ்பனரைப் பிடித்தால் விரல் நடுங்கும். சும்மா இருக்கும்போதே நெஞ்சு படபடக்கும். ஆலையில் கூட வேலை செய்தவர்களிடம் ஒரு நாள் இதைச் சொல்லித் தொலைத்துவிட்டேன்.

"புது மாப்பிள்ளைக்கு நெஞ்சு படபடக்காம எனக்கா படபடக்கும்?" என்று ஒருவர் கேட்க, எல்லோரும் மூட்டை மேல் விழுந்து சிரித்தார்கள். அதற்குப் பிறகு நான் வாய் திறக்கவில்லை.

நான் மெலிந்தது எனக்குச் சிரிப்பு, மாமிக்கு அவமானம். மருமகன் மெலிந்தால் ஊர் யாரைக் கதைக்கும்? பக்கத்து வீட்டுப் பெண் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "என்னகா, மாப்பிள்ளைக்குச் சோறு குடுக்கியா, தறியில கிடக்கிற நூலக் குடுக்கியா?" என்று கேட்டாளாம். பகிடிதான். ஆனால் மாமி அன்றைக்கு அழுததாக மனைவி சொன்னாள். அடுத்த நாள் முதல் முட்டைக்கோப்பியில் ஒரு முட்டைக்கு இரண்டு முட்டை விழுந்தது. சீனியும் அதற்கேற்ப ஏறியது.

முதல் தடவை வந்தது ஒரு வெள்ளிக்கிழமை. ஜும்ஆ முடிந்து வந்து நெய்ச்சோற்றை ஒரு பிடி பிடித்துவிட்டுப் படுத்தேன். அசருக்கு எழும்பினால் தொடை இரண்டும் கனக்கிறது. கட்டிலில் இருந்து நிற்க முடியவில்லை. சுவரைப் பிடித்து ஒருமாதிரி நின்றேன். பொழுதுபட்டு மஃரிப் ஆகும்போது எல்லாம் சரியாகிவிட்டது. மூட்டை தூக்கின அலுப்பு என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். மனைவிக்கும் சொல்லவில்லை.

இரண்டாவது தடவைதான் நான் தொடக்கத்தில் சொன்னது. அது அறுவடைக் காலம். ஆலையில் நெல் வந்து குவிந்துவிட்டது. அதற்கு முதல் நாள் முழுக்க மூட்டை சுமந்துவிட்டு, யானைப் பசியோடு வீட்டுக்கு வந்தேன். மாமி அதற்கென்றே காத்திருந்தவர்போல நெய்ச்சோறும் மாட்டிறைச்சியும் ஆக்கி வைத்திருந்தார். வட்டிலப்பத்தில் பாதிச் சட்டியை நானே முடித்தேன். பிறகு தயிரும் சீனியும். படுத்ததுதான் தெரியும்.

விடிந்தது இப்படி.

மனைவி முதலில் நான் சோம்பல் படுகிறேன் என்றுதான் நினைத்தாள். "இஞ்சேருங்க, ஒழும்புங்க, சுபஹு போகுது" என்று காலைப் பிடித்து ஆட்டினாள். அவள் கை படுவது நன்றாகத் தெரிகிறது. வாய் பேசுகிறது, கண் பார்க்கிறது, மூச்சும் ஒழுங்காக இருக்கிறது. ஆனால் இடுப்புக்குக் கீழே கட்டிலோடு வைத்துத் தைத்ததுபோல. கைகளில் விரல் மட்டும் கொஞ்சம் அசைந்தது. "எனக்கு ஏலாது புள்ள" என்றேன். அவள் சிரித்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினாள்.

அந்த நேரம் எனக்கு வந்த பயத்தை மறைக்க ஒன்றுமில்லை. சாவுக்குக்கூட அவ்வளவு பயப்படவில்லை. கட்டிலில் கிடக்கிற ஒரு மாப்பிள்ளையை, கலியாணமாகி நாலு மாதத்தில், இந்த இரண்டு பெண்களும் வைத்துக்கொண்டு என்ன செய்வார்கள் என்று நினைத்துத்தான் கண்ணீர் வந்தது. அதைத் துடைக்கவும் கை வரவில்லை. அவள்தான் துடைத்தாள்.

வீடு நிறைந்துவிட்டது. பள்ளிவாசலில் ஓதும் லெவ்வை ஒருவர் வந்து தண்ணீர் ஓதித் தெளித்தார். கண்ணூறு என்றார்கள், ஜின் பார்வை என்றார்கள். மாமி குசினிக்குள் போய், உடம்பில் தெம்பு இல்லாமல்தான் இப்படி என்று நினைத்து, நல்ல இனிப்பாக ஒரு முட்டைக்கோப்பி அடித்துக்கொண்டு வந்து, என் தலையைத் தூக்கிப் பிடித்துப் பருக்கினார். அரைவாசி குடித்திருப்பேன். கொஞ்ச நேரத்தில் அசைந்துகொண்டிருந்த விரலும் நின்றுவிட்டது. தலையணையில் இருந்து தலையைத் தூக்கவும் முடியவில்லை.

அப்போதுதான் சாய்ந்தமருதிலிருந்து என் உம்மாவும் மூத்த சகோதரர் நானாவும் வந்து இறங்கினார்கள். நானா ஆலை லொறி ஓட்டுபவர். செய்தி கிடைத்தவுடன் லொறியோடு வந்துவிட்டார்.

என் உம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை. நல்ல மனிசி. ஆனால் மனதில் பட்டதை மடித்து வைக்கத் தெரியாதவர். என்னைப் பார்த்தார். மெலிந்த உடம்பைப் பார்த்தார். தலைமாட்டில் இருந்த கோப்பையை எடுத்து மணந்து பார்த்தார்.

"என்னத்தப் போட்டுக் குடுத்த நீங்க என்ட புள்ளைக்கு? கலியாணத்துக்கு முந்தி எப்பிடி இருந்த புள்ள!" என்று மாமியைப் பார்த்துக் கேட்டார்.

வெளியூர் ஆட்களுக்கு இந்தக் கேள்வியின் கனம் தெரியாது. மாப்பிள்ளை பெண் வீட்டிலேயே மயங்கிக் கிடக்க வேண்டும் என்று சாப்பாட்டில் எதையாவது கலந்து கொடுப்பார்கள் என்ற சந்தேகம் எங்கள் ஊர்களில் ஆண் பிள்ளையைக் கொடுத்த எல்லாத் தாய்மாருக்கும் உள்ளுக்குள் உண்டு. ஆனால் யாரும் முகத்துக்கு நேரே கேட்பதில்லை. கேட்டால் உறவு அறுந்தது என்று பொருள். வீட்டில் நின்ற அத்தனை பேரும் மாமியைத் திரும்பிப் பார்த்தார்கள்.

மாமி முன்னால் வந்தார். உம்மாவின் கையிலிருந்த கோப்பையை வாங்கி, மிச்சமிருந்த கோப்பியை எல்லோரும் பார்த்திருக்க அடி வரைக்கும் குடித்தார். அடியில் நின்ற சீனியையும் விரலால் வழித்து வாயில் வைத்தார். கோப்பையைக் கவிழ்த்துக் காட்டிவிட்டுக் குசினிக்குப் போய்விட்டார்.

நான் அதைப் படுத்தபடியே பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போதும் கண்ணுக்குள் நிற்கிறது.

உம்மா மசியவில்லை. நானாவும் இன்னும் சிலரும் என்னைத் தூக்கி லொறியில் ஏற்றிச் சாய்ந்தமருதுக்குக் கொண்டுபோனார்கள். என் கெட்ட காலம் பாருங்கள், அசருக்குப் பாங்கு சொல்லும்போது எனக்குக் கால் வந்துவிட்டது! பிடித்துப் பிடித்து நடந்தேன். மறுநாள் ஓடவே முடிந்தது. உம்மாவுக்கு இதைவிட வேறு என்ன சாட்சி வேண்டும்? அந்த வீட்டுப் படியை விட்டு இறங்கினான், சுகமானான்.

ஓதிப் பார்ப்பவர் ஒருவரைக் கூட்டிவந்தார்கள். அவர் தாயத்தாக இஸ்மு எழுதிக் கட்டிவிட்டு, வயிற்றில் இருக்கும் வசிய மருந்து இறங்கும் வரை கஞ்சி மட்டும் கொடுக்கச் சொன்னார். கஞ்சி குடித்த நாட்களில் எனக்கு ஒன்றும் வரவில்லை. அதுவும் உம்மாவின் பக்கத்துக்கே சாட்சியாகப் போனது. ஆஸ்பத்திரிக்குப் போவோமா என்று நானா ஒரு தரம் கேட்டார். "ஆஸ்பத்திரியில இதுக்கு மருந்து இரிக்காடா?" என்று உம்மா அவர் வாயை அடைத்துவிட்டார்.

மாப்பிள்ளை தாய் வீட்டில் தங்கினால் ஊருக்குச் சொல்லத் தேவையில்லை. கலியாணம் முறிந்தது என்று கதை மருதமுனைக்கும் சாய்ந்தமருதுக்கும் இடையில் பஸ்ஸில் ஏறி இறங்கியது. மனைவி ஒரு பெண்ணை அனுப்பி என் உடம்பு எப்படி என்று கேட்டாள். வேறு ஒன்றும் கேட்கவில்லை. எனக்கு அவளைப் பார்க்க வேண்டும்போல இருந்தது. ஆனால் உம்மாவிடம் என்ன சொல்லி வாதாடுவது? அங்கே விழுந்தேன், இங்கே எழும்பினேன். மாமி எனக்கு ஒன்றும் செய்யவில்லை என்பது எனக்குக் கல்லில் வெட்டினதுபோலத் தெரியும். தெரிந்து என்ன? வேறு எதனால் வந்தது என்று சொல்லத் தெரியவில்லையே.

கடைசியில் உம்மா, இனி அந்த வீடு வேண்டாம், பள்ளிவாசல் மரைக்கார்மாரைக் கூப்பிட்டுக் கதைத்து முடித்துக்கொள்வோம் என்று நாள் வைத்துவிட்டார். மரைக்கார்மார் என்றால் எங்கள் பள்ளிவாசலில் குடும்பங்களுக்காகப் பேசும் பெரியவர்கள். இரண்டு பக்கத்து மரைக்கார்மாரும் அசர் தொழுதுவிட்டு எங்கள் வீட்டுக்கு வருவதாக ஏற்பாடு. மாமியும் என் மனைவியும் வந்து உள்ளே பெண்கள் பக்கம் இருக்க வேண்டும். "தலாக்" என்ற சொல்லை யாரும் இன்னும் வாயால் சொல்லவில்லை. ஆனால் அது வீட்டுக்குள் வந்து குந்தியிருந்தது.

அன்று காலை உம்மாவுக்குக் கால் நிலத்தில் நிற்கவில்லை. பெரியவர்கள் வருகிறார்கள், என் மகன் இப்படி எலும்பும் தோலுமாக முன்னால் வந்து நின்றால் நன்றாகவா இருக்கும்? கஞ்சியை நிறுத்தினார். "மருந்து இறங்கிட்டு. இனி தின்னு மனே. தாய்ட கையால தின்னா உடம்புல ஒட்டும்" என்று சொல்லிப் பகலுக்கு நெய்ச்சோறு ஆக்கினார். வருகிறவர்களுக்கென்று செய்த வட்டிலப்பத்தில் முதல் வெட்டு எனக்கு. தயிர், சீனி, வாழைப்பழம். மாமி போட்டால் ஒரு அகப்பை என்றால் உம்மா போட்டது ஒன்றரை. கஞ்சியால் காய்ந்து கிடந்த வயிறு, நானும் விடவில்லை. சாப்பிட்டுக் கொஞ்சம் சாய்ந்தேன்.

அசருக்குப் பிறகு வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. ஸலாம் சொல்லும் குரல்கள். உம்மா கதவால் எட்டிப் பார்த்து, "ஒழும்பு மனே, வந்திட்டாங்க" என்றார்.

நான் எழும்பவில்லை.

"உம்மா, ஏலாது" என்றேன்.

உம்மா வந்து என் கையைத் தூக்கினார். விட்டார். அது தொப்பென்று பாயில் விழுந்தது. மறுபடி தூக்கினார், மறுபடி விழுந்தது. நான் அவருடைய முகத்தைக் கீழிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். என் வாழ்க்கையில் ஒரு முகம் அப்படி வெளிறிப்போய் நான் கண்டதில்லை. உம்மா அப்படியே முன் அறைப் பக்கம் ஓடினார். அங்கே பெரியவர்கள் பாயில் இருக்கிறார்கள், மாமியும் மனைவியும் அப்போதுதான் உள்ளே வந்திருக்கிறார்கள். யாரும் உம்மாவிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

"நான் ஒண்டும் போடல்ல! அல்லாஹ்ட மேல ஆணை, நான் ஒண்டும் போடல்ல!" என்று உம்மா கத்தினார்.

அந்த நேரம் மாமி நினைத்திருந்தால் எவ்வளவோ கேட்டிருக்கலாம். கேட்க ஆட்களும் இருந்தார்கள், நியாயமும் இருந்தது. அவர் நேரே நான் கிடந்த அறைக்குள் வந்து, என் நெற்றியைத் தொட்டுப் பார்த்து, வெளியே திரும்பி உம்மாவிடம், "அது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இப்ப அந்த லொறிய எடுக்கச் சொல்லுங்க" என்றார்.

மரைக்கார்மார் பேச வந்த விடயத்தைப் பேசாமலே என்னைத் தூக்கி லொறியில் ஏற்றக் கை கொடுத்தார்கள். ஆளுக்கொரு பக்கமாகப் பிடித்ததில் பெண் பக்கம், மாப்பிள்ளைப் பக்கம் என்று ஒன்றும் இருக்கவில்லை.

மட்டக்களப்பு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவது என்று நானா முடிவெடுத்தார். லொறியின் பின்னால் வெறும் சாக்குகளை விரித்து என்னைக் கிடத்தினார்கள். ஒரு பக்கம் உம்மா, மறுபக்கம் மாமி, கால்மாட்டில் மனைவி. கல்லாறு, களுவாஞ்சிகுடி, காத்தான்குடி என்று லொறி குலுங்கிக்கொண்டு போனது. வளைவு வரும் இடமெல்லாம் நான் உருளாமல் இரண்டு பேரும் ஆளுக்கொரு தோளை அமத்திப் பிடித்திருந்தார்கள்.

ஆஸ்பத்திரியில் என்னைப் பார்த்தவர் யாழ்ப்பாணப் பக்கத்து டொக்டர். நடுத்தர வயது, அவசரமில்லாத மனிதர். காலைத் தூக்கச் சொன்னார், முடியவில்லை. கிள்ளினார், வலித்தது. சின்ன ரப்பர் சுத்தியலால் முழங்காலில் தட்டினார். சாதாரணமாக யாருக்கும் கால் துள்ள வேண்டுமாம். என் கால் கட்டைபோலக் கிடந்தது. பிறகு கழுத்தைத் தடவிப் பார்த்தார். கண்ணை உற்றுப் பார்த்தார். நாடியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார்.

"மெலிஞ்சு போறீரோ? நல்லாச் சாப்பிட்டும் மெலியுதோ?"

"ஓம்."

"நெஞ்சு படபடக்கிறதோ? வேர்க்கிறதோ?"

"ஓம், ஓம்." ஆலையில் சிரித்தவர்கள் அந்த நேரம் பக்கத்தில் இருந்திருக்க வேண்டும்!

"கடைசியா என்ன சாப்பிட்டனீர்?"

உம்மா நிலத்தைப் பார்த்தார். மாமி சுவரைப் பார்த்தார். நான் எந்தப் பக்கம் வாய் திறந்தாலும் ஒரு தாய் மாட்டிக்கொள்வார். கடைசியில் என் மனைவிதான் முந்தானையைச் சரிசெய்துகொண்டு முன்னால் வந்தாள். இன்றைக்கு உம்மா வீட்டில் தின்றது, அன்றைக்கு எங்கள் வீட்டில் தின்றது, அதற்குப் பிறகு குடித்த முட்டைக்கோப்பி, நடுவில் கஞ்சி குடித்த நாளெல்லாம் ஒன்றும் வராதது, எல்லாவற்றையும் ஒன்றும் விடாமல் சொன்னாள். சொல்லி முடித்ததும், "ரெண்டு வீட்டிலயும் ஒரே சாப்பாடுதான் டொக்டர்" என்றாள்.

டொக்டர் சிரித்துவிட்டார். "அப்ப சரி. சாப்பாட்டாலதான் விழுந்தவர்" என்றார்.

உம்மாவும் மாமியும் ஒரே நேரத்தில் தலையைத் தூக்கினார்கள். டொக்டருக்கு எங்கள் வீட்டுக் கதை தெரியாது. எதற்காக இந்த இரண்டு பெண்களும் பேயறைந்ததுபோல நிற்கிறார்கள் என்று யோசித்தவர், தான் சொன்னதை விளக்கினார். "நஞ்சுமில்லை, கிஞ்சுமில்லை. நல்ல சாப்பாடு. நல்ல சாப்பாடு கூடிப் போச்சு, அவ்வளவுதான்."

நெஞ்சில் வயர்களை ஒட்டி இருதயத் துடிப்பைத் தாளில் எடுத்தார்கள். தான் நினைத்ததுதான் என்று டொக்டர் சொன்னார். குடிக்க ஒரு மருந்து தந்தார்கள். கசப்பும் உப்புமாக, கடல் தண்ணீரில் வேப்பெண்ணெய் கலந்ததுபோல அப்படி ஒரு சுவை. அதைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பருக்கினார்கள். இருதயம் தப்பாமல் இருக்கிறதா என்று அடிக்கடி வந்து பார்த்தார்கள். விடியும்போது நான் எழும்பி, வார்ட் கதவு வரை நடந்து போய் வந்தேன்.

காலையில் டொக்டர் எங்கள் எல்லோரையும் வைத்துக்கொண்டு சொன்னதை எனக்கு விளங்கிய மாதிரிச் சொல்கிறேன். கழுத்தில் ஒரு சுரப்பி இருக்கிறது. எனக்கு அது அளவுக்கு மேல் வேலை செய்கிறது. அதனால்தான் பசி, வியர்வை, நடுக்கம், படபடப்பு, மெலிவு எல்லாம். அது சில ஆட்களுக்கு, கூடுதலாக ஆண்களுக்கு, தசையில் இன்னொரு கோளாறையும் கொண்டுவரும். நம் இரத்தத்தில் பொட்டாசியம் என்று ஒரு உப்பு ஓடுகிறது. தசை அசைவதற்கு அது இரத்தத்தில் அளவாக இருக்க வேண்டும். ஒரேயடியாகச் சோறும் சீனியும் உள்ளே போனால், அல்லது உடம்பு முறிய வேலை செய்துவிட்டுப் படுத்தால், அந்த உப்பு இரத்தத்தை விட்டுத் தசைக்குள் இறங்கிவிடும். வாய்க்கால் தண்ணீர் முழுக்க ஒரே நேரத்தில் வயலுக்குள் பாய்ந்தால் வாய்க்கால் காய்ந்து கிடக்குமே, அதுமாதிரி. அப்போது மூளை சொன்னாலும் தசை கேட்காது. சில மணி நேரத்தில் உப்பு தானாக வெளியே வந்துவிட்டால் ஆள் எழும்பிவிடுவார். அதனால்தான் அன்றைக்கு லொறியில் ஏற்றியபின் எனக்குக் கால் வந்தது. மாமி வீட்டுப் படிக்கும் அதற்கும் ஒரு தொடர்பும் இல்லை.

தெம்பு வரட்டும் என்று தந்த முட்டைக்கோப்பி ஏன் இருந்த விரலையும் நிறுத்தியது என்பதும் அப்போதுதான் விளங்கியது. அதில் இருந்த சீனிதான்.

"இன்னொருக்கா இப்பிடி விழுந்தா வீட்டில வைச்சிருந்து சீனித்தண்ணி பருக்காதேங்கோ. உடனே கொண்டு வாங்கோ. இருதயமும் ஒரு தசைதான்" என்று டொக்டர் சொன்னபோது சிரிப்பு இல்லாமல் சொன்னார். அந்தக் கசப்பு மருந்தும் அதே உப்புத்தான், தன்னிஷ்டத்துக்குக் குடிக்கக் கூடாது, அது கூடினாலும் இருதயம் நின்றுவிடும் என்று எச்சரித்தார். சுரப்பிக்குக் குளிசை தந்தார். ஒன்றரை வருடத்துக்குக் கிட்ட விடாமல் குடித்தேன். சுரப்பி அடங்கியதும் தசைக் கோளாறும் போய்விட்டது. அதற்குப் பிறகு இன்று வரை ஒரு தடவைகூட நான் அப்படி விழவில்லை, அல்ஹம்துலில்லாஹ்.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது லொறி எந்த வீட்டு வாசலில் நிற்பது என்று நானா யாரிடமும் கேட்கவில்லை. கல்முனைக்கு முன்னாலேயே, மருதமுனையில் திருப்பி நிறுத்திவிட்டார். நானும் மனைவியும் மாமியும் இறங்கினோம். உம்மா லொறியில் இருந்தபடியே என் சாரனின் தூசியைத் தட்டிவிட்டார்.

வீட்டில் என் சாப்பாடு மாறியது. கொஞ்சம் கொஞ்சமாக, பல தரம். இனிப்பு இல்லை. எனக்கு அது பெரிய காரியமில்லை. மாமிக்குத்தான் அது தண்டனை. அகப்பையில் சோற்றை அள்ளுவார், பாதி போட்டதும் கை அப்படியே நின்றுவிடும். மிச்சத்தை மறுபடி பானைக்குள் போடும்போது முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொள்வார். ஊர்ப் பெண்கள் என்ன சொல்வார்கள் என்ற பயம் அந்தக் கையில் தெரியும். ஆனாலும் ஒரு நாளும் கூட்டிப் போடவில்லை. நான் உடம்பு தேறிச் சதை பிடித்த பிறகுதான் அவர் வேலியடியில் நின்று பக்கத்து வீட்டுப் பெண்ணோடு நிமிர்ந்து கதைத்தார்.

கொஞ்ச நாள் கழித்து உம்மா வந்தார். சம்பந்தி வீட்டுக்கு இனிப்பு இல்லாமல் வருவது எங்கள் பக்கத்தில் வழக்கமில்லை. ஆனால் எனக்கு இனிப்புக் கூடாதே! அதனால் உம்மா ஒரு குலை இளநீரை நானாவிடம் தூக்க வைத்துக்கொண்டு வந்திருந்தார். உள்ளே வந்து பாயில் இருந்தார். மாமியும் எதிரே இருந்தார். வெயிலைப் பற்றிக் கதைத்தார்கள். நெல் விலையைப் பற்றிக் கதைத்தார்கள். தறியில் இருந்த சாரனின் கரை நன்றாக இருக்கிறது என்றார் உம்மா. அந்தக் காலையைப் பற்றி இருவரும் ஒரு சொல் எடுக்கவில்லை. எனக்கு உள்ளுக்குள் கோபம்கூட வந்தது. இவ்வளவு பெரிய பழியைச் சொன்ன வாய், பிழை என்று ஒரு சொல் சொல்லக் கூடாதா?

மாமி தேத்தண்ணி வைக்க எழும்பினார்.

"தேத்தண்ணி வேணா" என்றார் உம்மா. "அண்டைக்கு இவனுக்கு அடிச்சுக் குடுத்தீங்களே முட்டைக்கோப்பி, அதில ஒண்டு எனக்கும் அடிச்சுத் தாங்க."

மாமி உம்மாவின் முகத்தைப் பார்த்தார். பிறகு குசினிக்குள் போனார். முட்டை அடிக்கும் சத்தம் வழமையைவிட அதிக நேரம் கேட்டது. கொண்டுவந்து கொடுத்த கோப்பையை உம்மா இரண்டு கையாலும் வாங்கி, பிஸ்மி சொல்லி, ஒரே மூச்சில் குடித்தார். குடித்து முடித்து, அடியில் நின்ற சீனியை விரலால் வழித்து வாயில் வைத்தார். கோப்பையை மாமியிடம் கவிழ்த்துக் காட்டினார். மாமி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்.

இரண்டு பேரும் மௌத்தாகிப் பல வருடங்களாகிவிட்டன. எந்த உப்பு எதற்குள் இறங்கியதால் நான் விழுந்தேன் என்பது எனக்கு இப்போது நன்றாகத் தெரியும், கேட்பவர்களுக்கு விளக்கியும் சொல்வேன். ஆனால் அந்தக் கலியாணம் எதனால் மறுபடி எழும்பி நின்றது என்று யாராவது கேட்டால், உம்மா குடித்து முடித்த அந்தக் கோப்பிக் கோப்பையைத் தவிர எனக்குச் சொல்ல வேறு ஒன்றும் இல்லை.